சாக்கா: தேவ்கட் அல்போன்சாவின் உள்ளே கெடுவது எது?

நன்றாகப் பழுத்த தேவ்கட் அல்போன்சா மாம்பழம் ஒன்றைக் கையில் எடுத்தால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. தோல் சீராக மஞ்சளேறியிருக்கும். காம்புப் பக்கம் லேசான செம்மை. அறை முழுக்க மணம். கத்தியைக் கொட்டையின் ஓரமாக இறக்கிக் கதுப்பைப் பிரித்ததும்தான் விஷயம் தெரியும். தோலையொட்டிய சதை குங்குமப்பூ நிறத்தில் பளபளக்க, கொட்டையைத் தொட்டிருந்த நடுப்பகுதி மட்டும் வெளிறிப்போய், ஊறிய தக்கை மாதிரி இருக்கும். விரலால் அழுத்தினால் சாறு வராது, அமுங்கும். சில பழங்களில் அந்த இடத்தில் சிறு காற்றறைகளும் இருக்கும். வாயில் வைத்தால் புளிப்பு; பழம் பழுத்திருக்கிறது, அந்தத் துண்டு மட்டும் காயாகவே நின்றுவிட்டது.

கொங்கணக் கரையில் இதற்குச் 'சாக்கா' என்று பெயர். நம் ஊர் வேளாண் நூல்கள் பஞ்சுச் சதை என்கின்றன. புழு இல்லை, பூஞ்சை இல்லை, அழுகல் இல்லை. வெளித்தோலில் ஓர் அடையாளமும் இல்லை. மோசமான ஆண்டில், மோசமான தோப்பில், 100-க்கு 30 பழம் வரை இப்படிப் போகலாம். வாங்கியவர் வீட்டில் அறுத்துப் பார்க்கும்வரை விளைவித்தவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

இந்தக் குறை புதிதல்ல. 1932, 1933 ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கு மாம்பழம் அனுப்பிப் பார்த்த அனுபவத்தை வைத்து, பம்பாய் வேளாண் துறைக்காகச் சீமாவும் தானியும் எழுதிய 1934 அறிக்கையிலேயே இது பதிவாகியிருக்கிறது. 90 ஆண்டு ஆய்வுக்குப் பிறகும் 'இந்த மருந்தை அடி, போய்விடும்' என்று ஒற்றை வரியில் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். சாக்கா அறுவடை நாளில் உண்டாவதாகத் தோன்றினாலும், அதன் கணக்கு முந்தைய ஜூலை மழையில் மரத்தடியில் ஊற்றும் மருந்திலிருந்தே தொடங்கிவிடுகிறது.

இடமும் மண்ணும்

மகாராஷ்டிரத்தின் தென்கோடியில், கோவாவை ஒட்டிக் கிடக்கிறது சிந்துதுர்க் மாவட்டம். 1981 மே 1-இல் ரத்னகிரியிலிருந்து பிரிந்தது. தேவ்கட், மால்வண், வெங்குர்லா என்று கடலோரத் தாலுகாக்கள் மூன்று. உள்ளே தள்ளி ஐந்து. மா, முந்திரி, கோகம், தென்னை, மீன், நெல்: பிழைப்பு இவ்வளவுதான். இந்தக் கரையின் அல்போன்சாவுக்கு ஊரார் வைத்த பெயர் ஹாபுஸ். போர்த்துகீசியத் தளபதி அஃபோன்சோ டி அல்புகெர்க்கின் பெயரே அல்போன்சாவாகி, மராத்தி நாவில் ஹாபுஸாயிற்று. கோவாவில் போர்த்துகீசியர் பரப்பிய ஒட்டு முறைதான் இந்த ரகத்தை நிலைநிறுத்தியது. 2018 அக்டோபரில் ரத்னகிரி, சிந்துதுர்க், பால்கர், தாணே, ராய்கட் என்ற ஐந்து மாவட்டங்களின் அல்போன்சாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தேவ்கட் தோப்புகள் பெரும்பாலும் செம்புறாங்கல் மேடுகளில் நிற்கின்றன. இந்த மேட்டுக்கு உள்ளூரில் 'சடா' என்று பெயர். மேலே ஒரு சாண் மண்கூட இல்லாத இடங்கள் உண்டு; பாறையை உடைத்து 1 மீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்பித்தான் கன்று வைக்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். அக்டோபருக்குப் பிறகு மழை நின்றுவிடும். பாறை தண்ணீரைப் பிடித்துவைக்காது. மண்ணில் சேரவேண்டிய சுண்ணாம்புச் சத்து மழையோடு கரைந்துபோகும். மே மாதப் பகலில் வெறும் காலை வைக்க முடியாத அளவுக்கு அந்தக் கல் சுடும்.

மணத்துக்கும் நிறத்துக்கும் காரணம் என்று தேவ்கட் விவசாயி பெருமையோடு காட்டும் கல் இதுதான். சாக்காவுக்கான வெப்பமும் இதிலிருந்தே எழுகிறது.

1990-இல் மகாராஷ்டிர அரசு பழமரச் சாகுபடியை வேலை உறுதித் திட்டத்தோடு இணைத்தது. குழி எடுக்கவும் கன்று வைக்கவும் கூலி கிடைத்ததால், தரிசாகக் கிடந்த மேடுகள் வேகமாகத் தோப்பாயின. கொங்கண் வேளாண் பல்கலைக்கழகம் பரப்பிய கொட்டை ஒட்டு முறை அதற்குக் கைகொடுத்தது. முளைத்துச் சில நாளே ஆன, செம்புநிறக் கொழுந்து மாறாத நாற்றில் ஒட்டுவது அது; குறைந்த செலவில் ஏராளமாகக் கன்று எடுக்கலாம். மரம் பெருகியது. ஆனால் அல்போன்சா ஓராண்டு காய்த்தால் மறு ஆண்டு ஓய்வெடுக்கும் ரகம். அந்த இடைவெளியை நிரப்ப வந்தது பாக்லோபியூட்ரசால் என்ற மருந்து.

ஜூலை: குழியில் ஊற்றும் மருந்து

மாமரம் துளிர்க்க ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி வேண்டும். பாக்லோபியூட்ரசால் அந்த ஊக்கி மரத்துக்குள் உருவாவதைத் தடுக்கிறது. துளிர் அடங்கினால் கிளை முதிர்ந்து பூவுக்குத் தயாராகும். ஓய்வு ஆண்டிலும் பூக்கும். சில வாரம் முன்னதாகவும் பூக்கும். முன்னதாகப் பூத்தால் மார்ச் மாதமே மும்பையை அடுத்த வாஷி மொத்தச் சந்தைக்குக் காய் போகும். மார்ச்சில் ஒரு பெட்டிக்குக் கிடைக்கும் விலைக்கும் மே நடுவில் கிடைப்பதற்கும் பெரிய வித்தியாசம்.

அளவு இப்படி. மரத்தின் கவிகையை, அதாவது கிளைகள் விரிந்திருக்கும் பரப்பை, கிழக்கு-மேற்காகவும் வடக்கு-தெற்காகவும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். விட்டத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் 0.75 கிராம் செயல்படும் மூலப்பொருள் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. கடையில் கிடைக்கும் 25 சதவீதக் கரைசலில் அது 3 மில்லி. ஒருபக்கம் 6 மீட்டர், மறுபக்கம் 5 மீட்டர் விரிந்த மரம் என்றால் சராசரி 5.5, மருந்து 16.5 மில்லி. அதை 5 லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். அடிமரத்துக்கும் கவிகை விளிம்புக்கும் நடுவில் வட்டம் போட்டு, அதில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் 25 குழிகளைக் கடப்பாரையால் போட்டு, குழிக்கு 200 மில்லி வீதம் ஊற்றி மண்ணை மூடிவிட வேண்டும். ஜூலை 15-இலிருந்து ஆகஸ்ட் 15-க்குள் இந்த வேலை முடிய வேண்டும். அதற்குமுன் மரத்தடியில் களை எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் மருந்தில் ஒரு பங்கு புல்லுக்குப் போகும். ஊற்றும்போது மண் ஈரமாக இருக்க வேண்டும். ஊற்றியதும் பெருமழை பிடித்துக்கொண்டால் பாறை மேட்டில் மருந்து ஓடிவிடும். ஆகவே மழை விட்ட இரண்டு மூன்று நாள் இடைவெளியைப் பிடிப்பதுதான் நல்லது. 10 வயதாகாத மரத்தில் இந்த வேலை வேண்டாம்.

தவறு மூன்று இடங்களில் நடக்கிறது. முதலாவது, அளக்காமல் கண்மட்டத்தில் ஊற்றுவது. 'போன வருடம் பத்தவில்லை' என்று இந்த வருடம் இரட்டிப்பார்கள். மருந்து மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கக்கூடியது. போன வருட மிச்சமும் இந்த வருட அளவோடு சேர்ந்துகொள்ளும். அடையாளம் கிளை நுனியில் தெரியும்: கணு இடைவெளி சுருங்கி, இலைகள் ஒரே இடத்தில் கொத்தாகக் குவிந்து, பூங்கொத்து கைவிரல் நீளத்துக்குக் குறுகி நெருங்கியிருக்கும். அந்த நெருக்கத்துக்குள் காற்று புகாது, சாம்பல் நோய் முதலில் பிடிப்பது அங்கேதான். இப்படிப்பட்ட மரத்துக்கு அந்த ஆண்டு மருந்தை நிறுத்துவதைத் தவிர வழியில்லை.

இரண்டாவது, உரம் போடாமல் காய்ப்பை மட்டும் கேட்பது. ஆண்டுதோறும் காய்க்கவைத்தால் ஆண்டுதோறும் தீனி போட வேண்டும். 10 வயது தாண்டிய மரத்துக்கு 50 கிலோ தொழுவுரம், 1.5 கிலோ தழைச்சத்து, அரை கிலோ மணிச்சத்து, 1 கிலோ சாம்பல் சத்து. மூட்டைக் கணக்கில் ஏறக்குறைய 3.25 கிலோ யூரியா, 3 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ சல்பேட் ஆஃப் பொட்டாஷ். மழை தொடங்கும் ஜூனில், கவிகை விளிம்புக்குச் சற்று உள்ளே வட்டப் பள்ளம் எடுத்துப் போட வேண்டும். மருந்து ஊற்றிவிட்டு உரத்தை விட்டால் இரண்டு மூன்று பருவம் மரம் தன் சேமிப்பிலிருந்து கொடுக்கும். பிறகு நுனிக்கிளை காயும், தண்டுத் துளைப்பான் நுழையும்.

மூன்றாவது தவறு குத்தகையோடு பிணைந்தது. இதைத்தான் கூடுதல் கவலையோடு பார்க்க வேண்டியிருக்கிறது. தோப்பை ஓரிரு பருவத்துக்கு எடுத்தவருக்கு அந்தப் பருவத்துக் காய்தான் கணக்கு. கூடுதலாக மருந்து ஊற்றுவதில் அவருக்கு லாபம். உரத்துக்குச் செலவிடுவதில் இல்லை. இழப்பு குத்தகை முடிந்தபின் நிலத்துக்காரர் தலையில் விழும். மரத்துக்கு எத்தனை மில்லி, எந்தத் தேதியில், யார் முன்னிலையில் ஊற்றுவது, ஜூன் உரம் யார் பொறுப்பு என்பதைக் குத்தகைத் தாளிலேயே எழுதிவிட வேண்டும். வாய்ப்பேச்சாக விட்ட தோப்புகளில்தான் கணு சுருங்கிய மரங்கள் அதிகம்.

இதற்கும் சாக்காவுக்கும் என்ன தொடர்பு? இருக்கிறது. சாக்கா வெப்பத்தோடு கூடும் குறை. மார்ச் கடைசியில் விளைந்து இறங்கும் காயைவிட மே நடுவில் இறங்கும் காய் வெகுநாள் அனல் தின்றது. அளவோடு, தீனியோடு முன்கூட்டிப் பூக்கவைத்த மரம், காயை அந்த அனலுக்கு முன்பே கீழே இறக்கிவிடும். ஜூலை மருந்து சந்தை விலைக்காகப் போடப்படுவதுதான், ஆனாலும் சாக்காவைக் குறைக்கும் முதல் வாய்ப்பும் அதுதான். அளவு தவறினாலோ மரம் நலிகிறது. பூ ஒரே சமயத்தில் வராமல் மூன்று நான்கு தவணையாக வருகிறது. கடைசித் தவணைக் காய் மே அனலில் மாட்டிக்கொள்கிறது.

பூவும் பிஞ்சும்

அக்டோபரில் துளிர்ப்பு, நவம்பரிலிருந்து ஜனவரிவரை பூ. மழை நவம்பர்வரை இழுத்துக்கொண்டு போனால் பூவுக்குப் பதில் கொழுந்துதான் வரும். பருவம் மொத்தமும் ஒரு மாதம் தள்ளும். தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் பூங்கொத்தைக் கருக்கிவிடும். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் 10 லிட்டருக்கு 20 கிராம். பூ முழுக்க மலர்ந்திருக்கும் நாள்களில் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது, மகரந்தம் சுமக்கும் ஈக்கள் செத்துப்போனால் பிஞ்சே நிற்காது. இதெல்லாம் எல்லா மாந்தோப்புக்கும் பொது.

கொங்கணத்துக்கென்று இருக்கும் சிக்கல் மறுபூப்பு. ஜனவரி, பிப்ரவரியில் குளிர் நீண்டால், பிஞ்சு பிடித்த அதே கிளை மறுபடி பூக்கும். புதுப் பூ சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, பட்டாணி அளவுக்கு வந்திருந்த பிஞ்சு பொலபொலவென்று உதிரும். மரம் பார்க்க அழகாகப் பூத்து நிற்கும், காய் இருக்காது. இதைத் தடுக்க, பூக்கும் காலத்தில் ஜிப்ரலிக் அமிலம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) தெளிக்கிறார்கள்: 20 லிட்டருக்கு 1 கிராம். தூள் நேரடியாகத் தண்ணீரில் கரையாது, கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்துவிட்டுச் சேர்க்க வேண்டும். ஜூலையில் எந்த ஊக்கியை அடக்கிப் பூக்கவைத்தார்களோ, அதையே இப்போது வெளியிலிருந்து கொடுத்து இரண்டாவது பூவை நிறுத்துகிறார்கள். முரணாகத் தோன்றினாலும் தர்க்கம் சரி.

பிஞ்சு பட்டாணி, கோலிக்குண்டு, கோழிமுட்டை அளவுகளை எட்டும்போது மரத்துக்கு 150 முதல் 200 லிட்டர் தண்ணீரும், 1 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் தெளிப்பும் உதிர்வைக் குறைக்கும். கோழிமுட்டைப் பருவத்தில் 25-க்கு 20 சென்டிமீட்டர் காகிதப் பை கட்டினால் பழ ஈ அண்டாது, தோல் கறைபடாது, நேர் வெயில் காயைத் தொடாது. கட்டக் கூலி ஆகும். உயர்ந்த கிளையில் கட்டவே முடியாது. தாழ்ந்த கிளைக்காவது கட்டுங்கள். சாக்கா அதிகம் தேடிப்போவது தாழ்ந்த கிளையைத்தான்.

சதைக்குள் என்ன நடக்கிறது

காரணம் பற்றி இரண்டு விளக்கங்கள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன.

முதலாவது, தரை அனல். வெறும் பாறையிலிருந்து எழும் வெப்பக்காற்று தாழத் தொங்கும் காயைச் சுடுகிறது. தரையில் காய்ந்த புல்லோ சருகோ பரப்பிய தோப்புகளில் சாக்கா குறைவதை 1980-களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பறித்தபின் சில மணி நேரம் வெயிலில் கிடந்த காயிலும் குறை கூடுகிறது. ஆக, காம்பை அறுத்துவிட்டதோடு ஆபத்து நீங்கிவிடவில்லை.

இரண்டாவது, விதை. மாங்கொட்டைக்கு உறக்க காலம் கிடையாது. நெல்லைப் போலவோ துவரையைப் போலவோ காய்ந்து ஓய்வெடுத்து, பிறகு ஈரம் கண்டு முளைக்கும் விதையல்ல அது. முற்றியதும் முளைக்கத் தயார். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டியது இதைத்தான்: காய் மரத்திலேயே அளவுக்கு மேல் முற்றி நின்றால், கொட்டைக்குள் பருப்பு முளைப்புக்கான வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதற்கு நீரும் சத்தும் வேண்டும். பக்கத்தில் இருப்பது சதை. கொட்டை சதையிலிருந்து இழுக்கத் தொடங்கும்போது அந்த இடத்துச் சதையின் பழுக்கும் வேலை குலைகிறது. மாவுச்சத்து சர்க்கரையாக மாறாமல் தேங்கி, புளிப்பு குறையாமல் நின்று, மஞ்சள் நிறமி சேராமல் போகிறது. அறுத்த பழத்தில் வெளிறல் எப்போதும் கொட்டையிலிருந்து வெளிநோக்கிப் பரவியிருப்பதற்குக் காரணம் இதுவே. தோலிலிருந்து உள்நோக்கிப் பரவும் வெண்மையைக் கண்டால் அது வேறு ஏதோ ஒன்று.

வெப்பம் இந்த முளைப்பை விரைவுபடுத்துகிறது. பெரிய காயில் குறை அதிகம். பாதித்த சதையில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருப்பதும் தெரியவந்திருக்கிறது. அனல், முற்றல், பருமன் மூன்றும் ஒரே காயில் கூடினால் சாக்கா ஏறக்குறைய உறுதி. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால்கூடக் கணிசமாகக் குறையும். ஒற்றை மருந்து கிடைக்காமல் போனதும் இதனால்தான். அதே பெங்களூரு நிறுவனம் 'அர்கா சாகா நிவாரகா' என்று ஒரு கரைசலை இதற்காகவே வெளியிட்டிருக்கிறது. காய் பாதி முற்றும் பருவத்தில் தருவது. அதைப் பயன்படுத்துவோரும் கீழே சொல்லும் வேலைகளைத் தள்ளிவைக்க முடியாது.

ஏப்ரல்: தரையும் பறிக்கும் நாளும்

தரை வேலை எளிது, ஆனால் காலத்தில் செய்ய வேண்டும். டிசம்பரில் தோப்பில் காய்ந்து நிற்கும் புல்லை எரிக்காமல் அறுத்து, கவிகையின் கீழே ஒரு சாண் தடிமனுக்குப் பரப்ப வேண்டும். அடிமரத்தை ஒட்டி ஒரு முழம் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கரையான் ஏறும். மூடாக்குக்குத் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. தோப்பைச் சுற்றி இரண்டு மீட்டர் அகலத்துக்கு வெறும் பட்டை விடுவது கட்டாயம். தரையை அண்டித் தொங்கும் கிளைகளை அறுவடை முடிந்த கையோடு கழித்துவிட்டால் அடுத்த ஆண்டு காய் அனலுக்குச் சற்று எட்டத்தில் நிற்கும்.

பறிக்கும் நாளைத் தீர்மானிப்பதுதான் கடினம். பெரும்பாலான மா ரகங்களில் ஒரு பழம் தானாகக் கனிந்து விழுந்தால், அணில் கடித்துப் போட்டால், மரம் தயார் என்று எடுத்துக்கொள்ளலாம். அல்போன்சாவுக்கு அந்த அடையாளம் தாமதமானது. தானாகப் பழம் விழும் நாளில் அதே தவணைக் காய்களில் பலவற்றின் கொட்டை வேலையைத் தொடங்கியிருக்கும். முற்றலில் 100-க்கு 80, 85 என்ற நிலையில் பறிக்க வேண்டும். அடையாளம்: காம்பின் இரண்டு பக்கமும் தோள் எழும்பி, காம்பு நிற்கும் இடம் சிறு பள்ளமாகத் தெரியும், கரும்பச்சை வெளிறி இளம்பச்சையாகும். இதைவிட முன்னால் பறித்தால் வேறு நஷ்டம். பழம் சுருங்கும், மணம் வராது, ஹாபுஸ் என்று வாங்கியவர் ஏமாந்துபோவார். சாக்காவுக்குப் பயந்து பச்சைக் காயைப் பறிப்பது தீர்வல்ல.

ஒரே மரத்தில் மூன்று தவணைப் பூ இருந்தால் மூன்று தவணை அறுவடைதான். பூத்த காலத்திலேயே கிளைகளில் வெவ்வேறு நிறத் துணி கட்டிவைக்கும் தோப்புகளில் இந்தக் குழப்பம் இல்லை. கூலியை மிச்சம் பிடிக்க ஒரே நாளில் மரத்தை மொட்டையடிக்கும் இடங்களில், பிஞ்சும் முற்றலும் ஒரே பெட்டிக்குள் போய்ச் சேர்கின்றன.

சந்தேகம் இருந்தால் வாளிச் சோதனை. இரண்டு தொட்டி வேண்டும். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் 20 லிட்டருக்கு அரை கிலோ உப்பு, அதாவது 2.5 சதவீதம். பறித்த காயை முதலில் வெறும் தண்ணீரில் போட வேண்டும். மிதந்தால் இன்னும் விளையாத காய். மூழ்கியதை எடுத்து உப்புத் தண்ணீரில் போட வேண்டும். அங்கே மிதந்தால் அதன் அடர்த்தி 1.00-க்கும் 1.02-க்கும் இடையில் இருக்கிறது என்று பொருள். அனுப்ப வேண்டிய காய் அதுதான். உப்புத் தண்ணீரிலும் மூழ்கியது அதிகம் முற்றிய காய். அதைத் தனியாகப் பழுக்கவைத்து, அறுத்துப் பார்த்துச் சாறுக்கு அனுப்ப வேண்டும். சோதித்த காய்களை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தாவிட்டால் தோலில் உப்புப் பூக்கும். தொட்டியில் இலையும் காம்புப் பாலும் சேரச் சேர நீரின் அடர்த்தி மாறும், 300, 400 காய்க்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

இந்தச் சோதனை உறுதிச் சான்றிதழ் அல்ல என்பதை மறக்கக் கூடாது. மிதந்த காயிலும் அரிதாகச் சாக்கா இருக்கும், மூழ்கிய காயில் பல நன்றாகவே இருக்கும். எக்ஸ்ரே, அகச்சிவப்பு ஒளி முறைகளை ஆய்வகத்தில் சோதித்திருக்கிறார்கள். சிறு தோப்பின் ஓரத்தில் வைக்கக்கூடியது இன்றைக்கு இரண்டு வாளியும் ஒரு பொட்டலம் உப்பும்தான்.

பறிப்பு, பெட்டி, பயணம்

பறிக்கும் கருவிக்கு 'ஜேலா' என்று பெயர். நீண்ட கழியின் முனையில் வளையம், வளையத்தில் வலைப்பை, உள்ளே சிறு கத்தி. கொங்கண் பல்கலைக்கழகம் திருத்திய 'நூதன் ஜேலா'வில் கத்தி அமைந்திருக்கும் விதத்தால், காய் 3 முதல் 5 சென்டிமீட்டர் காம்போடு வலைக்குள் இறங்குகிறது. அந்தக் காம்பு முக்கியம். காம்பு அடியோடு முறிந்தால் பால் பீய்ச்சியடித்துத் தோலில் வழியும். வழிந்த தடம் பழுக்கும்போது கருந்தழும்பாகும், அந்த இடத்தில்தான் அழுகலும் தொடங்கும். உலுக்கி விழவைத்த காய் உள்ளே கன்றிப்போகும்.

காலை 10 மணிக்கு முன், மாலை 4 மணிக்குப் பின். இடைப்பட்ட நேரத்தில் பறித்தால் காய் அனலைத் தன்னோடு எடுத்துக்கொண்டு வரும். பறித்த கூடை ஒரு நிமிடமும் வெறும் பாறைமேல் இருக்கக் கூடாது; மரநிழலில், புல்மேல், ஈரச் சாக்கு மூடி. வண்டி தாமதமாகும் நாளில் பறிப்பையே தள்ளிவைப்பது மேல். இந்த வேலைகளைச் செய்பவர்களில் நேபாளத்திலிருந்து வரும் தொழிலாளர்கள் ஏராளம். பருவம் முழுக்கத் தோப்புக் காவலும் பறிப்பும் அவர்கள் கையில். கூடையை எங்கே வைப்பது என்று அவர்களுக்கு முதல் நாளே காட்டிக்கொடுத்த தோப்பில் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்கிறது.

250 கிராம் காய் 5 டஜன் என்றால் 15 கிலோ, ஒரு மரப்பெட்டி. காயின் பருமனைப் பொறுத்து 4 டஜனும் போகும், 8 டஜனும் போகும். அடியில் வைக்கோல், ஒவ்வோர் அடுக்குக்கும் வைக்கோல். பெரிய காய்க்குத்தான் விலை அதிகம், சாக்கா அதிகம் இருப்பதும் பெரிய காயில்தான். ஆகவே 300 கிராமைத் தாண்டிய காய்களை மட்டுமாவது உப்புத் தொட்டியில் போட்டுப் பார்த்து அனுப்புவது வியாபாரத்துக்கு நல்லது. சந்தையில் பெயர் கெடுவது பெரும்பாலும் விலை உயர்ந்த 4 டஜன் பெட்டியால்.

பழுக்கவைக்க நெல் வைக்கோல்மேல் இரண்டு மூன்று அடுக்காகப் பரப்பினால் ஏறக்குறைய 10 நாள். கால்சியம் கார்பைடு சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. கார்பைடு போட்ட பழம் வெளியே ஒரே நாளில் மஞ்சளாகி, உள்ளே வெளிறிப் புளிப்பாக இருப்பதைச் சிலர் சாக்கா என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வேறுபாடு சுலபம்: கார்பைடுப் பழத்தில் சதை முழுக்க ஒரே மாதிரி வெளிறல், மணம் இருக்காது. சாக்காவில் மணம் முழுதாக இருக்கும், வெளிறல் கொட்டையைச் சுற்றி மட்டும்.

ஏற்றுமதியில் இன்னொரு கண்டிப்பு சேர்கிறது. அமெரிக்கா 2007-இல் இந்திய மாம்பழத்தை மீண்டும் அனுமதித்தபோது கேட்டது பூச்சியைக் கட்டுப்படுத்த 400 கிரே அளவு கதிர்வீச்சு. தொடக்கத்தில் அந்தப் பழங்கள் நாசிக் மாவட்டத்து வெங்காய ஊரான லாசல்காவ் நிலையத்துக்குப் போயின. பழ ஈ அகப்பட்டதால் ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே மாதம் தடை போட்டு, 2015-இல் விலக்கியது. அதன்பின் அந்தச் சந்தைக்கு 48 டிகிரி வெந்நீரில் 60 நிமிடம் முக்கும் முறை வந்தது. இவை எல்லாம் பூச்சிக்கான சிகிச்சை. சாக்காவை எதுவும் தொடுவதில்லை. சிகிச்சைச் செலவு, விமானக் கூலி எல்லாம் கட்டிப் போய்ச்சேர்ந்த பெட்டியை அங்கே அறுத்துப் பார்த்து ஒதுக்கினால், ஒரு பெட்டியின் இழப்பு தோப்பில் விற்றிருந்தால் கிடைத்திருக்கும் விலையைப் போல் பல மடங்கு.

நீலம் தந்த வழி

வெங்குர்லாவில் 1957-இல் தொடங்கிய பழ ஆராய்ச்சி நிலையம் ரகத்தையே மாற்றிப் பார்த்தது. அதற்கு அவர்கள் எடுத்தது நம் ஊர் நீலத்தை. நீலம் ஆண்டு தவறாமல் காய்க்கும், சாக்கா வராது. நீலத்தையும் அல்போன்சாவையும் இணைத்து 1981-இல் 'ரத்னா' வந்தது. ஆண்டுதோறும் காய்ப்பு, நாரில்லாத சதை, சாக்கா இல்லை. ரத்னாவை மறுபடி அல்போன்சாவோடு இணைத்து 1992-இல் 'சிந்து' வந்தது. கொட்டை காகிதம்போல மெலிந்த ரகம். முளைக்கும் பருப்பே நலிந்துபோன பழத்தில் சதையை இழுக்க ஆளில்லை.

ஆனாலும் தேவ்கட் மேட்டில் பெரும்பாலும் நிற்பது ஹாபுஸ்தான். ரத்னாவை அல்போன்சா விலைக்கு யாரும் வாங்குவதில்லை. புவிசார் குறியீடும் அல்போன்சாவுக்குத்தான். 40 வயது மரத்தை வெட்டிவிட்டு, பாறையை உடைத்துப் புதுக் கன்று வைத்து, காய்ப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் சிறு விவசாயியிடம் சொல்வது நியாயமும் இல்லை. 2021 மே மாதம் தவுக்தே புயல் இந்தக் கரையை உரசிப்போனபோது பல தோப்புகளில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. அப்படி வெறுமையான குழிகளுக்காவது, பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்னாவை வைக்கலாம். வீட்டுக்கும் சாறுக்கும் உள்ளூர் விற்பனைக்கும் அது போதும்.

மற்ற மரங்களுக்குச் செலவு பெரிதில்லை. டேப் வைத்து அளந்த 16.5 மில்லி, ஜூனில் தொழுவுரமும் மற்ற உரமும், டிசம்பரில் எரிக்காமல் விட்ட புல், நிறத் துணித் துண்டுகள், அரை கிலோ உப்பு. பிறகு, ஒவ்வொரு தவணையிலும் 20 காயைத் தனியாக எடுத்துப் பழுக்கவைத்து அறுத்துப் பார்த்து, எந்தக் கிளை, எந்தத் தேதி, எத்தனை பழத்தில் வெண்சதை என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். 20-க்கு நான்கைத் தாண்டினால் அடுத்த தவணையை நான்கைந்து நாள் முன்னால் இறக்கலாம். ஒன்றும் இல்லாமல் மணமும் குறைந்திருந்தால் இரண்டு நாள் கூட விடலாம். இரண்டு பருவம் எழுதினால் அந்தத் தோப்புக்கென்று ஒரு தேதி பிடிபடும். பக்கத்துத் தோப்புக்கு அந்தத் தேதி பொருந்தாது.